காயத்தின் மின்புலமும் தோல் செல்களின் திசையும்

கேட்கப்பட்டவை மூன்று. காயம்பட்ட தோலில் மின்புலம் உண்டாகிறது, செல்கள் அதை வைத்துத் திசை அறிந்து நகர்கின்றன என்பது உண்மையா? இதைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்க முடியுமா? நாள்பட்டு ஆறாத புண்ணுக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் பலன் உண்டா, 9 வோல்ட் பேட்டரி போதுமா?

முதல் கேள்விக்குப் பதில், உண்மைதான். இரண்டாவதற்கு, முடியும், செலவும் அதிகமில்லை, ஆனால் தவறு நுழைய நாலைந்து வாசல்கள் திறந்தே இருக்கின்றன. மூன்றாவதற்கு, சில வகைப் புண்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் பலன் உண்டு. பேட்டரியை மட்டும் புண்ணின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. ஏன் என்பதைக் கடைசியில் கணக்கோடு சொல்கிறேன்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதில் தொடங்குவோம். மேல்தோலின் உயிருள்ள அடுக்குகள் சோடியம் அயனியை வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கத்துக்கு இடைவிடாமல் கடத்துகின்றன. செல்லின் மேற்பக்கத்தில் சோடியம் கால்வாய்கள் அதை உள்ளே விடுகின்றன. அடிப்பக்கத்தில் சோடியம்–பொட்டாசியம் பம்ப் அதை வெளியே தள்ளுகிறது. செல்களுக்கு இடையில் உள்ள இறுக்கமான இணைப்புகள், தள்ளிய அயனி திரும்பக் கசிந்து வராமல் அடைத்து வைக்கின்றன. ஆக, தோலே ஒரு மின்கலம்: உட்பக்கம் நேர், வெளிப்பக்கம் எதிர். மனிதத் தோலில் இந்த அழுத்த வேறுபாடு இடத்துக்கு இடம் மாறிச் சுமார் 10 முதல் 60 மில்லிவோல்ட் வரை இருக்கும். கினிப் பன்றியின் முடியற்ற தோலில் 30 முதல் 100 மில்லிவோல்ட் வரை அளந்திருக்கிறார்கள். அமிலோரைடு என்ற மருந்தால் சோடியம் கால்வாயை அடைத்தால் இந்த அழுத்தம் சரிகிறது. சோடியம்தான் இதன் மூலம் என்பதற்கு அதுவே சான்று.

தோல் முழுதாக இருக்கும்வரை இந்த அழுத்தம் தோலின் குறுக்கே மட்டும் நிற்கும். பக்கவாட்டில் ஒன்றும் இராது. ஒரு வெட்டு விழுந்ததும் அந்த இடத்தில் தடை போய்விடுகிறது. சுற்றிலும் உள்ள நல்ல தோலின் மின்கலம் தள்ளும் மின்னோட்டம், அடித்தோல் வழியாகக் காயத்தை நோக்கி ஓடி, காயத்தின் வழியே மேலே வந்து, கொம்புப் படலம் எனப்படும் தோலின் மேலான இறந்த அடுக்குக்கும் உயிருள்ள செல்களுக்கும் இடையிலான ஈரமான வழியில் திரும்பிப் போகிறது. அடியில் உள்ள செல்களுக்குக் காயம்தான் எதிர்மின்முனை. காயத்தின் ஓரத்தில் இந்தப் பக்கவாட்டுப் புலம் மில்லிமீட்டருக்கு 100 முதல் 200 மில்லிவோல்ட் வரை எழும். ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போவதற்குள் பெரும்பகுதி கரைந்துவிடும். தோல் மூடிக்கொண்டதும் தடை திரும்புகிறது, ஓட்டம் தானாக நின்றுவிடுகிறது. தொடங்கவும் முடிக்கவும் யாரும் சொல்ல வேண்டாத ஒரு சைகை இது.

புதிய கண்டுபிடிப்பும் அல்ல. பெர்லினில் எமில் டு புவா-ரேமொன் 1843-லேயே தன் விரலில் ஏற்பட்ட வெட்டிலிருந்து சுமார் ஒரு மைக்ரோஆம்பியர் ஓட்டத்தை அளந்தார். அதன் பிறகு நூற்றாண்டுக்கு மேல் இது பக்கவிளைவாகவே பார்க்கப்பட்டது. அதிரும் நுண்முனைக் கருவியை 1974-இல் ஜாஃபியும் நூச்சிடெல்லியும் உருவாக்கிய பிறகுதான் உயிருள்ள திசுவைத் தொடாமலேயே அதைச் சுற்றி ஓடும் மின்னோட்டத்தை நம்பகமாக அளக்க முடிந்தது.

இதில் ஈரத்தின் பங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் திரும்பிப் போகும் வழி ஈரமாக இருந்தால்தான் சுற்று முழுமை பெறும். காயம் காய்ந்து பொருக்குத் தட்டினால் சுற்று அறுந்து பக்கவாட்டுப் புலம் சரிந்துவிடும். ஈரமாக மூடி வைத்த காயத்தில் மேல்தோல் இரண்டு மடங்கு வேகத்தில் மூடுகிறது என்று ஜார்ஜ் விண்டர் 1962-இல் பன்றித் தோலில் காட்டினார். அதற்கு மின்புலம் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. காய்ந்த பொருக்குக்கு அடியில் செல்கள் சுற்றிப் போக வேண்டியிருப்பதும் பெரிய காரணம். ஆனால் காயத்தைக் காற்றாட விடு என்ற பழைய அறிவுரை இரண்டு வழியிலும் செல்களுக்கு எதிராகவே வேலை செய்கிறது.

இனி செல்லுக்கு வருவோம். கெரட்டினோசைட் எனப்படும் மேல்தோல் செல்லைக் கண்ணாடியில் வளர்த்து, மில்லிமீட்டருக்கு 100 மில்லிவோல்ட் அளவில் திசை மாறாத மின்புலத்தில் வைத்தால், அது எதிர்மின்முனையை நோக்கி நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. நிஷிமுரா, ஐசராஃப், நூச்சிடெல்லி மூவரும் 1996-இல் மனிதக் கெரட்டினோசைட்டில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். உடலில் காயம்தான் எதிர்மின்முனை என்பதால், செல் காயத்துக்குள் போகிறது என்று பொருள்.

மின்புலம் செல்லை இழுத்துப் போகிறது என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் வரும் முதல் பிழை. செல்லின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது; வெறும் மின்விசை இழுத்தால் அது நேர்மின்முனைக்குப் போக வேண்டும். கெரட்டினோசைட் அதற்கு நேர் எதிராகப் போகிறது. இறந்த செல் நகர்வதில்லை. ஒரே புலத்தில் வேறு செல்கள் வேறு திசையில் போகின்றன: அடித்தோலில் நார்த்திசுவை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல் மிக மெதுவாக நேர்மின்முனைப் பக்கம் நகர்கிறது, தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் இந்த அளவுப் புலத்தைக் கண்டுகொள்வதே இல்லை. மீனின் செதில் செல்லான கெரட்டோசைட் எதிர்மின்முனைக்குப் போகும். அதிலிருந்து பிய்ந்து வந்த, உட்கருவற்ற துண்டோ நேர்மின்முனைக்குப் போகும். 2013-இல் வெளியான இந்தச் சோதனை, ஒரே செல்லுக்குள் எதிரெதிராக வேலை செய்யும் இரண்டு பாதைகள் இருப்பதைக் காட்டுகிறது. புலம் தருவது திசை மட்டுமே. நடப்பது செல்லின் சொந்தக் கால்களால்.

திசையைச் செல் எப்படி அறிகிறது? படர்ந்த கெரட்டினோசைட் சுமார் 30 மைக்ரோமீட்டர் அகலம் என்று வைத்தால், 100 மில்லிவோல்ட்/மில்லிமீட்டர் புலத்தில் அதன் இரு ஓரங்களுக்கும் இடையே விழுவது 3 மில்லிவோல்ட். ஓரத்துக்கு ஒன்றரை. செல் சவ்வின் இயல்பான அழுத்தம் பல பத்து மில்லிவோல்ட் இருக்கும்போது இது சொற்பம். நரம்பில் போலக் கால்வாயைப் பட்டென்று திறக்க இது போதாது. சவ்வு நல்ல மின்காப்பு என்பதால் புலம் செல்லுக்குள்ளும் புகுவதில்லை. ஆகவே முதல் வேலை சவ்வின் வெளிப்பக்கத்தில்தான் நடக்கிறது: மின்னூட்டம் கொண்ட சவ்வுப் புரதங்கள் சவ்வுக்குள்ளேயே மெல்ல ஒரு பக்கம் ஒதுங்குகின்றன. மீன் கெரட்டோசைட்டில் இதுவே முதல் சைகை என்று ஆலன், மொகில்னர், தெரியோ 2013-இல் வலுவான சான்று தந்தார்கள். கெரட்டினோசைட்டில் மேல்படல வளர்ச்சிக் காரணியின் ஏற்பி எதிர்மின்முனைப் பக்கம் குவிகிறது. அந்த ஏற்பியைத் தடுத்தால் திசையுணர்வு குறைகிறது. செல்கள் திசை திரும்ப நொடிகள் போதாமல் பத்து, இருபது நிமிடங்கள் தேவைப்படுவதற்கும் இந்த மெதுவான ஒதுங்கலே பொருத்தமான விளக்கம்.

ஒதுங்கல் நடந்த பிறகு, இரசாயனப் பொருளை நாடிச் செல்கள் நகரும்போது வேலை செய்யும் அதே இயந்திரம்தான் ஓடுகிறது. பிஐ3கே என்ற நொதி முன்பக்கம் முடுக்கப்படுகிறது, அங்கே ஆக்டின் இழைகள் கட்டப்படுகின்றன, சவ்வு மடலாக நீள்கிறது. ஆய்வாளர்கள் மின் ஜாவோ (Min Zhao), ஜோசஃப் பென்னிங்கர் ஆகியோரின் குழுவினர் 2006-இல் ‘நேச்சர்’ இதழில் காட்டியது: அந்த நொதியின் ஒரு வகையான பிஐ3கே காமா இல்லாத செல்கள் மின்புலத்துக்குச் சரியாக எதிர்வினை காட்டுவதில்லை; அதற்குக் கடிவாளமான பிடென் புரதத்தை நீக்கினால் எதிர்வினை கூடுகிறது. அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. செல் படலத்தில் கீறல் போட்டு, காயத்திலிருந்து விலகும் திசையில் புலத்தைக் கொடுத்தால், செல்கள் காலி இடத்தை விட்டுப் பின்வாங்குகின்றன. காலி இடம், இடநெருக்கடி, வளர்ச்சிக் காரணிகள் எல்லாம் ‘முன்னே போ’ என்று சொல்லும்போதும் புலத்தின் சொல்லே எடுபடுகிறது. என் கணிப்பில், மின்புலம் வெறும் துணைச் சைகை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

இதை நீங்களே செய்து பார்க்கத் தேவையானவை: ஒரு கண்ணாடி வாய்க்கால், இரண்டு அகார் உப்புப் பாலம், இரண்டு வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்முனை, மாறா மின்னோட்டம் தரும் மூலம், மல்டிமீட்டர், 37 டிகிரியில் வைக்கக்கூடிய தலைகீழ் நுண்ணோக்கி, கேமரா.

100 மில்லிமீட்டர் வளர்ப்புத் தட்டின் அடியில், 0.16 முதல் 0.19 மில்லிமீட்டர் தடிமனுள்ள கவர் கண்ணாடிப் பட்டைகள் இரண்டை 10 மில்லிமீட்டர் இடைவெளியில் சிலிக்கான் கிரீஸால் ஒட்டுங்கள். இடையில் கொலாஜன் பூசி, செல்களை ஒன்றையொன்று தொடாத அளவு சிதறலாக விதைத்து, சில மணி நேரம் ஒட்ட விடுங்கள். பிறகு மேலே 22 மில்லிமீட்டர் கவர் கண்ணாடியைக் கூரையாக வையுங்கள். கிரீஸையும் சேர்த்து உயரம் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் வரும். வாய்க்காலின் இரு வாயிலும் கிரீஸால் கரை கட்டி இரண்டு சிறு குளங்கள் அமையுங்கள். ஒரு குளத்து ஊடகம், அதாவது செல்களை வளர்க்கும் ஊட்டத் திரவம், வாய்க்கால் வழியாக மட்டுமே மறு குளத்துக்குப் போக வேண்டும். கூரைக்கு வெளியே ஒரு மயிரிழைக் கசிவு இருந்தாலும் மின்னோட்டம் அந்த வழியே போகும்.

கணக்கு இப்படி. வளர்ப்பு ஊடகத்தின் கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 1.5 சீமென்ஸ். வாய்க்காலின் குறுக்குவெட்டு 2 சதுர மில்லிமீட்டர். 100 மில்லிவோல்ட்/மில்லிமீட்டர் கிடைக்க 0.3 மில்லிஆம்பியர் போதும். 22 மில்லிமீட்டர் நீளத்துக்கு 2.2 வோல்ட் விழும். உண்டாகும் வெப்பம் ஒரு மில்லிவாட் கூட இல்லை, கண்ணாடி வழியே போய்விடும். உயரத்தை ஒரு மில்லிமீட்டராக விட்டால் மின்னோட்டம் ஐந்து மடங்கு, வெப்பமும் ஐந்து மடங்கு. வாய்க்காலை மெல்லியதாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மின்முனையை ஊடகத்திலேயே நேராக முக்கிவிடலாமே என்று தோன்றும். கூடாது. வெள்ளி அயனி செல்களுக்கு நஞ்சு. மின்முனை அருகே அமிலமும் காரமும் உண்டாகும். அதனால் மின்முனைகளைத் தனிக் கோப்பைகளில் ஸ்டைன்பெர்க் உப்புக் கரைசலில் வைத்து, அதே கரைசலில் ஒன்று முதல் இரண்டு சதவீத அகார் காய்ச்சி நிரப்பிய, 15 சென்டிமீட்டருக்குக் குறையாத வளைகுழாய்களால் குளங்களோடு இணைக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாயில் 0.3 மில்லிஆம்பியர் 3 மணி நேரம் ஓடினால், வெள்ளி அயனி சுமார் ஒரு சென்டிமீட்டரும் ஹைட்ரஜன் அயனி ஆறேழு சென்டிமீட்டரும் முன்னேறும். 5 சென்டிமீட்டர் பாலம் போட்டவர்களின் செல்கள் இரண்டு மணி நேரத்தில் சுருண்டு போவதன் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

வெள்ளிக் கம்பியைச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் சீராகக் கருக்கும்வரை ஊறவைத்தால் குளோரைடு படலம் ஏறும். எதிர்மின்முனையில் அந்தப் படலம் கரைந்துகொண்டே போகும்: 0.3 மில்லிஆம்பியர், 3 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம். தீர்ந்துவிட்டால் நீர் பிளக்கத் தொடங்கும், காரம் பெருகும். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் பயன்படுத்துங்கள். ஊடகத்தில் ஃபீனால் சிவப்பு என்ற, அமிலம்–காரத்துக்கு ஏற்ப நிறம் மாறும் சாயம் இருந்தால் அதுவே காவல்காரன். ஒரு குளம் மஞ்சளாகவும் மற்றது ஊதா கலந்த இளஞ்சிவப்பாகவும் மாறினால் அன்றைய தரவைக் குப்பையில் போட்டுவிடலாம். கரியமில வாயு இல்லாமல் வெளியே வைத்துப் படம் எடுப்பதானால் ஊடகத்தில் அமில–கார அளவை நிலையாக வைக்கும் ஹெப்பஸ் என்ற பொருளை 25 மில்லிமோலார் சேர்க்க வேண்டும்.

அதிகம் நடக்கும் தவறு, மின்மூலத்தின் முகப்பில் தெரியும் வோல்டேஜை நீளத்தால் வகுத்துப் புலம் என்று எழுதிவிடுவது. மேலே சொன்ன அமைப்பில் இரண்டு பாலங்களும் சேர்ந்து 16 கிலோஓம் அளவு தடை தரும். வாய்க்காலின் தடை சுமார் 7 கிலோஓம்தான். முகப்பில் 7 வோல்ட் காட்டினால் செல்களுக்குக் கிடைப்பது இரண்டேகால்கூட இல்லை. மல்டிமீட்டரின் முனைகளை வாய்க்காலின் இரு வாயிலும் வைத்து, தொடக்கத்திலும் அரை மணிக்கு ஒரு முறையும் அளந்து குறியுங்கள். நீர் ஆவியாகி உப்பு செறிந்தால் தடை மாறும். வாய்க்காலில் ஒரு காற்றுக்குமிழி சிக்கினால் அதன் இரு பக்கமும் புலம் கோணலாகும். முழு அகலத்தையும் அடைத்தால் ஓட்டமே நின்றுவிடும்.

5 நிமிடத்துக்கு ஒரு படமாக 2 முதல் 3 மணி நேரம் எடுங்கள். ஒவ்வொரு செல்லுக்கும் தொடக்கப் புள்ளியிலிருந்து முடிவுப் புள்ளிக்குப் போகும் கோடு, எதிர்மின்முனைத் திசையோடு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதன் கொசைனைக் கணக்கிட்டுச் சராசரி எடுத்தால் திசையுணர்வு எண் கிடைக்கும். பூஜ்யம் என்றால் தாறுமாறு, ஒன்று என்றால் நூல் பிடித்த நேர்கோடு. வேகத்தைத் தனியே எழுதுங்கள். ஒரு மருந்து திசையைக் கெடுத்து வேகத்தை விட்டுவைக்கலாம். இரண்டையும் கலந்தால் அது தெரியாமல் போகும். ஒரே வாய்க்காலின் 50 செல்களை 50 தனிச் சோதனைகளாக எண்ணக் கூடாது. குறைந்தது மூன்று தனி வாய்க்கால்கள் வேண்டும். மின்சாரம் இல்லாத வாய்க்கால் ஒன்று கட்டாயம். அதைவிட நம்பகமானது முனை மாற்றும் சோதனை: பாதியில் கம்பிகளை மாற்றிப் போட்டால் செல்கள் திரும்ப வேண்டும். திரும்பாமல் அதே பக்கம் போனால் நீங்கள் பார்ப்பது நுண்ணோக்கி மேடையின் நழுவலையோ ஊடகத்தின் ஓட்டத்தையோதான்.

செல்கள் அசையவே இல்லையா? ஊடகத்தைப் பாருங்கள். மனிதக் கெரட்டினோசைட்டின் திசையுணர்வுக்கு வளர்ச்சிக் காரணிகளும் வெளிக் கால்சியமும் வேண்டும் என்பது 1998-லிருந்தே தெரியும். கால்சியம் கூடினால் வேறு சிக்கல். செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பற்றிக்கொண்டு படலமாகிவிடும். இறுகிய படலத்தைத் திருப்புவது கடினம். பிரின்ஸ்டனில் டேனியல் கோஹன் குழு 2021-இல் எலிக் கெரட்டினோசைட் படலங்களில் இதைக் காட்டியது: பிடி இறுகிய படலம் மின்புலத்தில் சிதைகிறது, கால்சியத்தைக் குறைத்துப் பிடியைத் தளர்த்தினால் ஒழுங்காக நகர்கிறது. காயத்தின் இரு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கிக் குவியும்படி புலத்தை அமைத்தபோது மூடும் வேகம் இரட்டித்தது என்பதும் அதே குழுவின் வேலை. ஃபிரைபுர்க், சால்மர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல், உலோகத்துக்குப் பதிலாகக் கடத்தும் பாலிமர் பூசிய மின்முனைகளை வைத்து, கெரட்டினோசைட் படலத்துக் கீறல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேகத்தில் மூடுவதைக் காட்டினார்கள். இவையெல்லாம் தட்டில் நடந்தவை. தட்டில் இரத்த ஓட்டக் குறைவும் இல்லை, கிருமியும் இல்லை, அழுகிய திசுவும் இல்லை.

ஆறாத புண்ணுக்கு வந்தால் இந்த வேறுபாடுதான் எல்லாம். நூச்சிடெல்லி குழுவினர் 2011-இல் மனிதத் தோலின் சிறு காயங்களில் அளந்தபோது, இளைஞர்களைவிட 65 வயதைத் தாண்டியவர்களிடம் புலம் தெளிவாகக் குறைந்திருந்தது. சர்க்கரை நோயுள்ள எலிகளின் கருவிழிக் காயத்திலும் மின்னோட்டம் பலவீனம். புலத்தைத் திருப்பித் தரலாம் என்ற எண்ணத்துக்கு இவை நியாயமான அடிப்படை. ஆனால் சர்க்கரை நோயாளியின் பாதப்புண் ஆறாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் முதல் காரணம் அழுத்தம், இரத்தக் குழாய் அடைப்பு, தொற்று. பாதத்துக்கு ஓய்வு, செத்த திசுவை நீக்குவது, இரத்த ஓட்டச் சோதனை, சர்க்கரைக் கட்டுப்பாடு ஆகியவை நடக்காமல் மின்சாரம் கொடுப்பது வீண்.

அவையெல்லாம் செய்தும் ஆறாத படுக்கைப் புண்ணுக்கு, துடிப்பு மின்னோட்டச் சிகிச்சையைப் பன்னாட்டு வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டமும், வழக்கமான சிகிச்சை 30 நாள் கொடுத்தும் பலனில்லை என்றால் சில நாள்பட்ட புண்களுக்கு இதற்குச் செலவை ஏற்கிறது. பொதுவாகக் கொடுப்பது, நொடிக்கு 100 அளவில் மிகக் குறுகிய துடிப்புகள், 100 வோல்ட்டுக்கு மேல், நாளுக்கு 45 முதல் 60 நிமிடம், வாரத்தில் 5 நாளுக்குக் குறையாமல். இதை இயற்கைப் புலத்தின் நகல் என்று எண்ண வேண்டாம். துடிப்புகளுக்கு இடையில் நீண்ட மௌனம். புலம் புண் முழுவதையும் ஒரே திசையில் கடக்கிறது. இயற்கையில் அது எல்லா ஓரத்திலிருந்தும் நடுவுக்குக் குவிகிறது. சிகிச்சையின் பலனில் செல் நகர்வைத் தவிர இரத்த ஓட்டத்தின் பங்கும் உண்டு.

இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர், புண்ணில் புற்றுநோய் உள்ளவர், எலும்பில் சிகிச்சை பெறாத தொற்று உள்ளவர் ஆகியோருக்கு இது கூடாது. புண்ணில் சில்வர் சல்ஃபாடயாசின் களிம்போ போவிடோன் அயோடினோ மிச்சமிருந்தால் முதலில் முழுக்கக் கழுவ வேண்டும்; மின்னோட்டம் அந்த அயனிகளைத் திசுவுக்குள் தள்ளிவிடும்.

கடைசியாக அந்த 9 வோல்ட் பேட்டரி. ஈரமான புண்ணின் தடை ஒரு கிலோஓம் என்று கொண்டால் 9 மில்லிஆம்பியர் ஓடும். அரை மணியில் 16 கூலும் மின்னூட்டம் கடக்கும். எதிர்முனை உலோகத்தின் அடியில் 0.17 மில்லிமோல் ஹைட்ராக்சைடு உண்டாகும். அது ஒரு மில்லிலிட்டர் புண் நீரில் தங்கினால் பிஎச் 13-ஐத் தாண்டும், அதாவது எரிகாரம். குழந்தைகள் விழுங்கிய 3 வோல்ட் பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சுவரை அரிக்கத் தொடங்குவது இதே வேதிவினையால்தான். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: மருத்துவர் அனுமதித்த, ஈரம் காக்கும் கட்டுப் போட்டுப் புண்ணைக் காயவிடாமல் வைத்திருங்கள். உடம்பு தானே ஓட்டும் மின்னோட்டத்துக்குத் திரும்பிப் போகும் வழி அப்போதுதான் திறந்திருக்கும்.